குழாய்ப் படம்

கம்ப்யூட்டர் வேலைதானுங்க சார். புரோகிராம் எழுதறது. நீங்க நெனைக்கற மாதிரி கண்ணாடிக் கட்டடம், கழுத்துல அட்டை, அதெல்லாம் இல்லீங்க. கோயமுத்தூர்ல, கணபதியில, ஒரு பேக்கரிக்கு மேல மாடி. அங்க ஆறு பேரு. பெருந்துறைப் பக்கம் ஒரு வாஷிங் யூனிட்டுக்கு புரோகிராம் போட்டுக் குடுத்திருக்கோம், மாசம் ஒருக்கா போய்ப் பாத்துட்டு வரணும். அதுக்குத்தான் இந்த பஸ்ஸு. முன்னெல்லாம் எங்க முதலாளி ஹரிபிரசாத் சார் காருலயே கூட்டிட்டுப் போவாரு. இப்ப அவரு அந்தப் பக்கமே வர்றதில்ல. நான்தான் போறேன். யாராவது போகணும்ல.

நீங்க வாத்தியார்ன்னு சொன்னீங்களே, அதனால கேக்கறேன். ஒரு எழுத்துத் தப்பா இருந்தா எத்தன மார்க்குக் கொறைப்பீங்க? அரை மார்க்கா? பாருங்க, நீங்களே சொல்றீங்க. எனக்கு நடந்ததும் ஒரே எழுத்துதானுங்க. அதுவும் தப்பான எழுத்தில்ல, சரியான எழுத்துதான், கொஞ்சம் பெருசா விழுந்துடுச்சு. அதுக்குப் போயி, ரெண்டு வருசம் பக்கத்துச் சீட்டுல உக்காந்து வேலை பாத்த புள்ள, இன்னைக்கு வரைக்கும் என் போனை எடுக்க மாட்டேங்கறா.

மெர்லின்னு பேரு. நாகர்கோயில் பொண்ணு. நாங்க எழுதற புரோகிராமை ஓட்டிப் பாத்துத் தப்புச் சொல்றதுதான் அவ வேலை. நல்ல புள்ளைதானுங்க, அதுல ஒண்ணும் கொறை சொல்ல மாட்டேன். ஒண்ணைப் புடிச்சா விடமாட்டா, அதுதான்.

யூனிட்ல என்ன வேலைன்னா, தைச்சு வந்த ஜீன்ஸ் பேண்ட்டைப் பெரிய பெரிய டிரம்முல போட்டு மருந்து ஊத்தி வெளுக்கறது. நீங்க கடையில வாங்கறீங்கல்ல, முட்டிக்கிட்ட வெளுத்த மாதிரி, அது. மொதல்ல பேண்ட்டைப் போடணும். பொறகு பிளீச் தண்ணி ஊத்தணும். பொறகு அதை வடிச்சு விட்டுட்டு, குழாயைத் திறந்து நல்ல தண்ணியில அலசணும். அலசின பொறகுதான் ஆசிட். பிளீச் இருக்கற டிரம்முல ஆசிட்டை ஊத்தினா குளோரின் வாயு கெளம்பிரும். அதைச் சுவாசிச்சா நெஞ்சு வெந்துரும்னு அங்க இருக்கற சூப்பர்வைசர் தங்கமுத்து மொத நாளே சொன்னாரு.

அங்க வேலை பாக்கறவங்க முக்காவாசி ஜார்க்கண்டு ஆளுங்க. தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, அதுல பாதிப் பேருக்கு அவங்க எழுத்தும் தெரியாது. அதனால யூனிட் ஓனர் சென்னியப்பன் என்ன கேட்டாருன்னா, எழுத்தே வேண்டாம், படமாவே வரட்டும்னாரு. டிரம்முக்குப் பக்கத்துல ஒரு திரை. பிளீச் கேன் படம் வந்தா பிளீச் ஊத்தணும். குழாய்ப் படம் வந்தா வடிச்சு அலசணும். ஆசிட் கேன் படம் வந்தா ஆசிட். வேலை முடிஞ்சதும் கீழ இருக்கற பச்சைப் பட்டனை அமுக்கினா அடுத்த படம். கண்ணு இருந்தா போதும். நல்ல யோசனைங்களா இல்லீங்களா? அது என் யோசனை. ஓனர் படம் வேணும்னு மட்டும்தான் கேட்டாரு, பச்சைப் பட்டன் எல்லாம் நான் போட்டது.

மொத்தம் பதினாலு படம். நானே யூனிட்டுக்குப் போயி என் போன்லயே எடுத்தேன். எல்லாத்துக்கும் பேரு வெச்சு வரிசையா ஒரு ஃபோல்டர்ல போட்டேன். எல்லாப் பேரும் இங்கிலீஷ்ல, சின்ன எழுத்துல. நான் அதுல எல்லாம் ரொம்ப ஒழுங்குங்க. கடைசி நேரத்துல சென்னியப்பன் பாத்துட்டு, குழாய் ஒழுகற மாதிரி இருக்குது, என் யூனிட்ல ஒழுகற குழாயா, வேற எடுன்னுட்டாரு. சரின்னு வேற ஒரு குழாயை எடுத்து, அங்கயே நின்னு போன்லயே பேரை அடிச்சேன். போன்ல அடிச்சா மொத எழுத்து தானா பெருசா விழும், கவனிச்சிருக்கீங்களா? நாம போடறதில்ல, அதுவா போடுது. அது விழுந்துடுச்சு. இதுல நான் எங்க வர்றேன், சொல்லுங்க.

சித்தே பொறுமையா கேளுங்க, இதுதான் விசயமே. ஜாவான்னு ஒண்ணு, அதுலதான் நாங்க எழுதறது. எழுதற வரைக்கும் புரோகிராமும் படமும் நம்ம கம்ப்யூட்டர்ல தனித்தனி ஃபோல்டர்ல கெடக்கும். அங்க பேரு பெரிய எழுத்தா சின்ன எழுத்தான்னு கம்ப்யூட்டர் கண்டுக்காது. குழாயைக் கொண்டான்னா கொண்டாந்துரும். ஆனா வாடிக்கைக்காரங்களுக்குக் குடுக்கறப்ப அப்படிக் குடுக்க முடியாது. புரோகிராமு, படம் எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டணும். அந்த மூட்டைக்கு ஜார்ன்னு பேரு. மூட்டைக்குள்ள போயிட்டா அது வேற சட்டம். பேருல ஒரு எழுத்து பெருசா இருந்தாலும், அப்படி ஒரு படமே இல்லைன்னு கைய விரிச்சுரும். படம் உள்ளதான் இருக்கும். ஆனா இல்லைன்னு சொல்லும்.

மெர்லின் அதைக் கண்டுபுடிச்சா. ஆமாங்க, கண்டுபுடிச்சா, நான் மறைக்கல. ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பறம், தீனா அண்ணா, குழாய்ப் படம் எனக்கு வரலைன்னு வந்து நின்னா. அமுக்கினா பிளீச் படமே நிக்குது, இன்னொருக்கா அமுக்கினா ஆசிட் படம் வருதுன்னா. நான் என் கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காமிச்சேன். ஜம்முன்னு வந்துச்சு, குழாய். உன் லேப்டாப் பழசு, அதுதான் தடுமாறுதுன்னேன். அவ விடல. உங்களுது ஃபோல்டர்ல இருந்து ஓடுது அண்ணா, என்னுது ஜார்ல இருந்து ஓடுது, நீங்களும் ஜாரை ஓட்டிப் பாருங்கன்னா. பாக்கலாம்னேன். திங்கக்கிழமை காலையில யூனிட்ல பூஜை, தேங்காய் உடைச்சு ஆரம்பிக்கறாங்க. முதலாளி அரை மணிக்கொருக்கா வந்து முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு கேக்கறாரு. அந்த நேரத்துல ஒவ்வொருத்தரு லேப்டாப்பையும் பாத்துட்டு இருக்க முடியுங்களா?

நியாயமா, படம் கெடைக்கலைன்னா புரோகிராமு அங்கயே நின்னுரும். செகப்பு எழுத்துல எர்ரர்னு கொட்டிட்டு, நகராது. ஆனா நான் அனுபவஸ்தன்ல. பதினாலு வருசம். புரோகிராமு நின்னா ஓனர் கத்துவாரு, நம்ம முதலாளி அவருக்கு மேல கத்துவாரு. அதனால முன்னெச்சரிக்கையா ஒண்ணு எழுதி வெச்சிருந்தேன். படம் வரலைன்னா சத்தம் போடாத, இருக்கற படத்தையே வெச்சுக்கிட்டு மேல போ. ரெண்டே வரிதான். எல்லாரும் எழுதறதுதானுங்க அது.

பூஜை நல்லா நடந்துச்சு. பொங்கல் குடுத்தாங்க. நாலு நாள் கழிச்சு தங்கமுத்து போன் பண்ணினாரு. எல்லாம் நல்லா ஓடுது, அலசற எடத்துல மட்டும் படம் மாறவே மாட்டேங்குது, ரெண்டு தடவை அமுக்கினாத்தான் நகருது, என்ன பண்றதுன்னாரு. அப்ப நான் வேற ஒரு வேலையில இருந்தேன், ஒரு பள்ளிக்கூடத்துக்கு. அந்த எடத்துல மட்டும் ரெண்டு தடவையே அமுக்கச் சொல்லுங்க, அடுத்த தடவை வர்றப்பப் பாக்கறேன்னேன். சரின்னுட்டாரு. அவரும் சரின்னுட்டாருல்ல. அங்க இருந்தவங்க எல்லாம் பழைய ஆளுங்க, படம் வந்தாலும் வராட்டியும் பிளீச்சுக்கு அப்பறம் அலசணும்னு கைக்குத் தெரியும். ரெண்டு தடவை அமுக்கிட்டு அவங்க பாட்டுக்கு அலசிட்டுத்தான் இருந்தாங்க. பதினெட்டு நாளு. ஒரு புகார் இல்ல.

பத்தொம்பதாம் நாள் தங்கமுத்து லீவு. அவரு குலதெய்வத்துக்குக் கெடா வெட்டு. டிரம்மு ஆளு ஒருத்தன் ஊருக்குப் போயிட்டான், அதனால காயப்போடற செக்‌ஷன்ல இருந்து ஒருத்தனைக் கொண்டாந்து விட்டிருக்காங்க. சுக்ராம்னு பேரு. இருபத்தாறு வயசு. பொண்டாட்டி சுமந்தி, அவளும் அங்கயே துணியில பிசுறு நூல் வெட்டற வேலை. அவன்கிட்ட என்ன சொல்லியிருக்காங்கன்னா, படத்தைப் பாரு, அது சொல்றதைச் செய், பச்சையை அமுக்கு. ஒரு எடத்துல மட்டும் நகராது, ரெண்டு தடவை அமுக்கு. அவ்வளவுதான். அவனும் அதைத்தான் செஞ்சிருக்கான். பிளீச் ஊத்தினான். அமுக்கினான். பிளீச் படமே நின்னுச்சு. அமுக்கினான். ஆசிட் கேன் வந்துச்சு. ஊத்தினான். டிரம்மு வாய்க்கு நேரா குனிஞ்சு ஊத்தணும், கேன் கனமுங்க.

காலையில பத்தே முக்கால் மணி. பச்சையா மஞ்சளா ஒரு புகை எந்திரிச்சுச்சுன்னு சொன்னாங்க. நான் பாக்கல. அவன் எட்டடி நடந்து வந்து விழுந்திருக்கான். தூக்கப் போன ரெண்டு பேருக்கும் கண்ணு எரிச்சல், ஒரு வாரத்துல சரியாயிடுச்சு.

பதினொண்ணே காலுக்கு எங்க ஆபீசுக்குப் போன் வந்துச்சு. முதலாளி வெளுத்துப் போயிட்டாரு. நான் பதறலீங்க. பதறினா வேலை நடக்காது. ஜாரை எடுத்து ஓட்டிப் பாத்தேன். மெர்லின் சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. அஞ்சு நிமிசத்துல எழுத்தைக் கண்டுபுடிச்சேன். சின்னதா மாத்தினேன். மறுபடி மூட்டை கட்டி பன்னண்டு மணிக்குள்ள யூனிட்டுக்கு அனுப்பி, பழசு மேலயே புதுசு ஏறற மாதிரி பண்ணிட்டேன். சாயங்காலம் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து பாக்கறப்ப பதினாலு படமும் சுத்தமா வந்துச்சு. யாரும் சொல்லாமயே, பொறுப்பா. அதை ஒருத்தரும் பேச மாட்டாங்க.

மெர்லின் பின்னாடியே நின்னு பாத்துட்டு இருந்தா. பழைய ஜாரை எடுத்து வைங்க அண்ணா, கேப்பாங்கன்னா. பழசை வெச்சு என்ன பண்றதுன்னேன். அப்ப அவ அந்த ரெண்டு வரியைப் பாத்துட்டா, சத்தம் போடாம மேல போன்னு நான் எழுதியிருந்தேனே, அதை. திரையில வெரலை வெச்சா.

"இது இல்லாம இருந்திருந்தா நின்னிருக்கும், அண்ணா. நின்னிருந்தா அவன் யாரையாவது கூப்பிட்டிருப்பான்."

நின்னிருந்தா நம்ம கம்பெனி பேரு போயிருக்கும் மெர்லின்னு சொன்னேன். அவ பைய எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டா. மணி ஒண்ணு கூட ஆகல. பாருங்க, நெருக்கடியில கூட நிக்கணும்ல.

ரெக்கார்டு வேணும்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. புரோகிராமு ஒவ்வொரு அமுக்கலையும் நேரத்தோட குறிச்சு வைக்கும், அதையும் நான்தான் போட்டிருந்தேன். பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். அதுல தெளிவா இருக்கு. பத்து நாப்பத்திரண்டு, ஆறாவது செகண்டு, குழாய்ப் படம் காட்டப்பட்டது. ஒம்பதாவது செகண்டு, பட்டன் அமுக்கப்பட்டது. மூணு செகண்டு. மூணு செகண்டுல யாரால அலச முடியும்? தொழிலாளி அலசாமலே அமுக்கியிருக்கார்ன்னு எழுதிட்டாங்க. நான் ஒரு எழுத்து மாத்தலீங்க அதுல. புரோகிராமு எழுதினதை அப்படியே குடுத்தேன். படம் வந்தா குறி, வரலைன்னா குறிக்காதன்னு நான் பிரிச்சு எழுதல, அவ்வளவுதான். காட்டச் சொன்ன உடனே குறிச்சுரும். காட்டுச்சா இல்லையான்னு அது திரும்பிப் பாக்காது.

மெர்லினுக்கு அதுதான் பெரிய கோவம். அண்ணா, அந்தப் படம் அவனுக்கு வரவே இல்லைன்னு உங்களுக்குத் தெரியும், போயிச் சொல்லுங்கன்னு ஒரு வாரம் நச்சரிச்சா. கேட்டா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல. பொறகு வேலையை விட்டுட்டா. லேப்டாப்பைத் திருப்பிக் குடுத்தப்ப அதுல பழைய ஜார் இருக்குது, அழிக்காதீங்கன்னு முதலாளிகிட்டச் சொல்லிட்டுப் போனா. முதலாளி அன்னைக்கே அழிக்கச் சொல்லிட்டாரு. யாரு அழிச்சதுன்னு கேக்கறீங்களா? ஆபீஸ்ல அந்த வேலை எல்லாம் நான்தானுங்க பாக்கறது. அவ இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு எழுதிப் போட்டான்னு கேள்வி. ஒண்ணும் வரல.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் சார். முதலாளி போகல, சென்னியப்பன் ஒரு தடவை வந்துட்டுப் போயிட்டாரு. நான் போனேன். ஆறாவது நாளு. ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டுப் போனேன், அவனால எதுவும் முழுங்க முடியாதுன்னு அங்க போய்த்தான் தெரிஞ்சுச்சு. மூக்குல குழாய், வாய்க்கு மேல ஆக்சிஜன் கவசம். பூஜை அன்னைக்கு எல்லாரையும் நிக்க வெச்சு நான்தான் என் லேப்டாப்புல படத்தைக் காட்டிச் சொல்லிக் குடுத்தேன், அதுல அவனும் இருந்திருக்கான். என்னை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டான். நர்ஸைப் பாத்து வாய்க் கவசத்தை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினான். அந்தம்மா மாட்டேன்னாங்க. கெஞ்சறான். சித்த நேரம் எடுத்தாங்க.

"சார். ரெண்டு தடவை அமுக்கினேன். என் தப்பா?"

அவ்வளவு தமிழ் அவன் எங்க கத்துக்கிட்டான்னு தெரியல. ஒரு ஒரு வார்த்தையா வந்துச்சு. நடுவுல இருமறான், எச்சில்ல ரத்தம். பக்கத்துல அந்தப் புள்ள சுமந்தி என் மூஞ்சியைப் பாத்துட்டு நிக்கறா.

நான் அவன் கையைத் தட்டிக் குடுத்தேன். பரவால்ல, அதெல்லாம் நெனைக்காத, மனசுல வெச்சுக்காதன்னு சொன்னேன். மனசாரச் சொன்னேன் சார். அந்த நெலமையில இருக்கறவன்கிட்ட வேற என்ன சொல்றது? அவன் கண்ணை மூடிக்கிட்டான். ஆறுதலா இருந்திருக்கும்னு நெனைக்கறேன். வெளிய வந்து டீ குடிச்சேன்.

பதினொண்ணாம் நாள் போயிட்டான். உடம்பை ஊருக்கு அனுப்பறதுக்கு சென்னியப்பன்தான் எல்லாம் பண்ணினாரு. கோபமான ஆளு, ஆனா கையி நல்ல கையி. சுமந்தி ஊருக்குப் போயிட்டு ஒண்ணரை மாசத்துல திரும்பி வந்துட்டா. அங்க என்ன இருக்குது அவளுக்கு. பிசுறு வெட்டறதுல கொறைச்சல் கூலிங்கறதுனால, டிரம்மு வேலை கேட்டிருக்கா. சென்னியப்பனும் போட்டுக் குடுத்துட்டாரு. ஆமாங்க, அதே டிரம்மு. அவன் நின்ன எடம்தான். அங்க மொத்தமே நாலு டிரம்முதான் இருக்குது.

நான் அதைக் கேள்விப்பட்டப்ப நல்ல காரியம்னுதான் நெனச்சேன். இப்பப் படம் எல்லாம் சரியா வருதுல்ல. ஒரு பிரச்சினையும் வராது.

போன மாசம் போயிருந்தேன். தங்கமுத்து ஒவ்வொரு திரையா என்னைக் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டு வந்தாரு. அவ மூணாவது டிரம்முல நின்னுட்டு இருந்தா. தலையில துண்டு, கையில உறை, மூக்குக்கு மாஸ்க்கு, இப்ப எல்லாம் குடுக்கறாங்க. என்னைப் பாத்தா. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. பிளீச் ஊத்தினா. பச்சையை அமுக்கினா. குழாய்ப் படம் வந்துச்சு. ஒரே அமுக்கல், பளிச்சுன்னு. நான் எடுத்த படம், நல்லா வந்திருக்குதுங்க அது, தண்ணி விழறது கூடத் தெரியும்.

அவ வேலையைச் செய்யாம அந்தப் படத்தையே பாத்துட்டு நின்னா. தங்கமுத்து என்ன புள்ளன்னாரு. அவ என்கிட்டத் திரும்பினா. மாஸ்க்கைக் கீழ எறக்கி, தமிழ்லயே கேட்டா.

"அன்னைக்கு இந்தப் படம் வந்துச்சா, சார்?"

தங்கமுத்து பாக்கறாரு. அக்கம் பக்கத்து டிரம்முக்காரங்க பாக்கறாங்க. ரெக்கார்டுல வந்துச்சுன்னுதான் இருக்கு, கவர்மென்ட்டே ஒத்துக்கிட்ட ரெக்கார்டு. இல்லைன்னு சொன்னா அந்தப் புள்ளைக்கு என்ன ஆகப் போகுது? அவன் வந்துருவானா? மனசு இன்னும் நொந்து போகும். அதைத்தான் நெனச்சேன், என்னைப் பத்தி நெனைக்கல.

வந்துச்சும்மான்னு சொன்னேன்.

அவ தலையாட்டினா. கவனிக்காம விட்டுட்டான் போலன்னு அவங்க பாஷையில மெதுவா ஏதோ சொன்னா, தங்கமுத்துதான் எனக்கு அர்த்தம் சொன்னாரு. பொறகு வால்வைத் திருப்பி பிளீச்சை வடிச்சு விட்டா. குழாயைத் திறந்தா. ஆறு நிமிசம் அலசினா போதுமுங்க, நான் திரையிலயே மணி வெச்சிருக்கேன், ஆறு நிமிசத்துல அடிக்கும். அடிச்சுச்சு. அவ மூடல. தண்ணி பாட்டுக்கு ஓடுது, பேண்ட்டெல்லாம் வெளுத்து மேல மெதக்குது. போதும்மா, போதும்னு நான் ரெண்டு தடவை சொன்னேன். குழாய் மேல வெச்ச கையை எடுக்காம நின்னுட்டு இருந்தா.